செய்த துணை

முட்டைப் பாடம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் பிரிசில்லா, வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இல்லக்கூடம் என்ற நிறுவனத்துக்கு ஒரு புகார் அனுப்பினாள். என் மகளுக்கு நீங்கள் கொடுத்த படிப்புத் துணை பழுதாகிவிட்டது, சரிசெய்து கொடுங்கள், முடியாவிட்டால் மாற்றிக் கொடுங்கள் என்று எழுதினாள். மிக்ஸி பழுதானால் கம்பெனிக்கு எப்படி எழுதுவோமோ அப்படித்தான் எழுதினாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. மிக்ஸி மாதிரி இதுவும் ஒரு சாமான் என்றுதான் அவளிடம் சொல்லி விற்றிருந்தார்கள்.

அவர்கள் குடியிருந்த இடம் அப்படி. தூத்துக்குடியில் படகேறி, கரை கண்ணை விட்டு மறைந்த பிறகும் வெகுநேரம் போனால், கடலுக்குள் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். அவற்றுக்கு நடுவே இரும்புக் கால்களில் ஒரு மேடை. காற்றாலைகளைப் பராமரிக்கிறவர்கள் அதன் மேலேயே குடியிருக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்றதால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நிர்வாகம் பெரிய மனது பண்ணியது. பிள்ளைகள் அங்கே யாரோடு விளையாடும் என்று நிர்வாகம் யோசிக்கவில்லை. அது அவர்கள் வேலை இல்லையே.

பிரிசில்லா அங்கே பராமரிப்புப் பொறுப்பாளர். கணவன் சரக்குக் கப்பலில் மாலுமி. வருஷத்துக்கு ஒரு முறை தாடியும் சாக்லேட்டுமாக வந்து போவான். மகள் ஜோவினாவுக்குப் பத்து வயது. சமையலறையில் ரெமிஜியுஸ் அண்ணன் இருந்தார். மற்றவர்கள் முறை வைத்து வந்து போகிறவர்கள். மேடையில் கால் வைத்த அன்றே ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் என்பது மேடையின் தென்கோடி அறையில் ஒரு மேசையும் ஒரு திரையும்தான். இல்லக்கூடத்து முறையில் கணக்குக்கு ஒரு மணி, அறிவியலுக்கு ஒரு மணி என்ற பேச்சே கிடையாது. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாறு வாரத்துக்கு அந்த வீட்டில் அந்தப் பொருள்தான் எல்லாப் பாடமும். இப்போது முட்டை. முட்டையின் வடிவத்தில் கணக்கு, ஓட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் அறிவியல், நாமக்கல் பண்ணைகளில் பூகோளம், மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்துப் படம் வரைந்தவர்களின் சரித்திரம். பெற்றவர்கள்தான் ஆசிரியர்கள். பிரிசில்லா காலையில் வேலைக்குப் போகுமுன் மகளோடு உட்கார்ந்து அன்றைக்கு என்ன செய்து பார்க்க வேண்டும் என்று பேசி வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து, செய்தாயா என்று கேட்பாள்.

ரெமிஜியுஸ் அண்ணன் பாடுதான் திண்டாட்டம். "கோழிகூட இவ்வளவு முட்டையப் பார்த்திருக்காது மேடம். போன பாடம் கயிறு. என் கொடிக்கயித்தையும் வெட்டிட்டா ஒங்க மக. அடுத்தது தங்கம்னு ஒரு பாடம் வையுங்க, எனக்கும் ஏதாவது ஒட்டும்லா?" என்பார். அந்த மேடையில் சத்தமாகச் சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

முன்பு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது. அவர்கள் மகள் மெர்லினும் ஜோவினாவும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்தார்கள். மெர்லினின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது, படகு வந்தது, போய்விட்டார்கள். ஜோவினா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படகு வந்து நிற்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, கரை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் வருவாள், சொன்னதைச் செய்வாள், மறுபடி அங்கேயே போய் உட்காருவாள். வாய்விட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. பெற்ற வயிறு, பிரிசில்லாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அதனால்தான், தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு படிப்புத் துணை கட்டாயம் என்று இல்லக்கூடம் சொன்னபோது, உண்மைப் பிள்ளையா செய்த துணையா என்ற கேள்விக்கு அவள் யோசிக்காமல் பதில் போட்டாள். உண்மைப் பிள்ளை என்றைக்காவது போய்விடும். இயந்திரம் போகாது. எந்த ஊர்ப் பேச்சில் வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். கோயம்புத்தூர்ப் பேச்சு மரியாதையாக இருக்குமே என்று அதைக் கேட்டு வாங்கினாள். திரையில் கோட்டால் வரைந்த ஒரு பையன் முகம் வந்தது. என் பெயர் மிதுன் என்றது.

அது வந்த நாளிலிருந்து பிரிசில்லா மகளிடம் ஓயாமல் ஒன்றைச் சொன்னாள். "ஏட்டி, அது மெஷின். அதுக்குப் பாசமுங் கெடையாது, கோவமுங் கெடையாது. நான் நெசம்தான்னு அதுவே சொன்னாலும் நம்பாத. அப்படிச் சொல்லத்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

மகள் மறுபடி அந்தப் படிக்கட்டில் போய் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் அவள் எண்ணம்.

ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜோவினாவுக்கு மிதுன் என்றால் வேலைக்காரப் பையன் மாதிரி. நாட்டாமை தூள் பறக்கும்.

"கடல் தண்ணியில முட்டை மிதக்கும். எழுதிக்க."

"மிதக்காதுன்னு தோணுது ஜோவி."

"நான் சொல்லுதேம்லா, எழுது."

வாளியில் கடல் தண்ணீரை மொண்டு முட்டையை விட்டாள். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் மிதுன் ஒரு டம்ளர் தண்ணீரில் வீட்டு உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்து முட்டையை மிதக்க விட்டுவிட்டான். "மிதக்குது ஜோவி! ஆனா எங்க வீட்ல இனி சாம்பாருக்கு உப்பில்ல" என்றான். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. வாசல் பக்கம் போன பிரிசில்லா, மெஷினுக்கு ஏது சாம்பார் என்று நினைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று மெச்சவும் செய்தாள்.

மூன்றாவது வாரத்தில்தான் சிக்கல் வந்தது. உயரத்திலிருந்து போட்டாலும் உடையாதபடி முட்டையைப் பொதிந்து கட்ட வேண்டும், அதுதான் அந்த வாரத்து வேலை. ஜோவினா பஞ்சை வைத்துக் கட்டி மேல்தளத்திலிருந்து போட்டாள். உடைந்துவிட்டது. மிதுன் தன் முட்டையை மாடி பால்கனியிலிருந்து போடப் போகிறேன் என்று போனான். வெகுநேரம் சத்தமே இல்லை. திரும்பி வந்தவன் நெட் போயிருச்சு என்று மட்டும் சொன்னான். மறுநாள் ஜோவினா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எங்கப்பா வீட்ட விட்டுப் போயிட்டாரு. நான் போட்ட முட்டை அவரு கார் மேல விழுந்துருச்சு. அதுக்குத்தான் போயிட்டாரு."

"ஒரு முட்டைக்கா?"

"முன்னாடியே சண்டைதான். ஆனா முட்டைனாலதான் போனாரு."

பிரிசில்லா அதைக் காதால் கேட்டாள். அன்று ஜோவினா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. பிரிசில்லாவுக்குக் கோபம் வந்தது. ஒரு பச்சைப் பிள்ளையிடம் இப்படியெல்லாம் கதை கட்டச் சொல்லி எந்த மடையன் செய்து வைத்தான்? அன்றே புகார் போனது.

இரண்டு வாரம் கழித்து, இல்லக்கூடத்திலிருந்து சுபாஷிணி என்ற பெண் படகில் வந்து இறங்கினாள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து வருவது அவள் வேலை. கடலில் வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், இந்த மேடை ஆடுதுங்களா? இல்ல எனக்குத்தான் ஆடுதுங்களா?"

ரெமிஜியுஸ் அண்ணன் எலுமிச்சம்பழத்தை நறுக்கி நீட்டினார். "மேடை ஆடல மேடம். நீங்க எறங்கிட்டீங்க, ஒங்க வயிறு இன்னும் படகுலயே இருக்கு. இத மோந்துக்கிட்டு இருங்க."

ஜோவினாவோடு கொஞ்ச நேரம் பேசி, அவள் செய்த வேலைகளைப் பார்த்து, கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பிவிட்டு, சுபாஷிணி பிரிசில்லாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் இன்னும் கையில் இருந்தது.

"அதுல ஏதோ கோளாறு மேடம்," என்று பிரிசில்லா ஆரம்பித்தாள். "வீட்டுச் சண்ட, அப்பா ஓடிப்போனாருன்னு எதையாவது பேசுது. எம்மக அத நெனச்சுக்கிட்டுச் சாப்பிட மாட்டேங்கா. அந்த அப்பா கதைய மட்டும் அதுலேருந்து அழிச்சிருங்க."

"அழிக்க முடியாதுங்க மேடம்."

"அப்ப இதத் தூக்கிட்டு வேற புதுசா போடுங்க. மூணு மாசத்துல பழகிக்கிடுவா."

சுபாஷிணி பழத்தை மேசைமேல் வைத்தாள். எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"மேடம், தூக்கறதுன்னா எப்படித் தூக்குவோம்? அது சாமான் இல்லீங்க. கோயம்புத்தூர்ல ஒரு பையன்."

பிரிசில்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எதிரில் இருந்தவள் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்தினாள்.

"ஆரம்பத்துல செஞ்சோங்க," என்றாள் சுபாஷிணி. "நெசமாவே மெஷின்தான். ஆனா ஒரு பிள்ளை மாதிரி வருஷக்கணக்கா, சலிக்காம, பழசெல்லாம் ஞாபகம் வச்சுப் பேச வைக்கறதுக்கு ஆகுற செலவு கொஞ்சநஞ்சமில்ல. ரெண்டு பிள்ளைங்களோட திரையை இணைச்சுவிட்டா செலவே ஆகாது. முகத்தையும் குரலையும் மாத்திட்டாப் போதும். இந்தப் பக்கத்துக்கு அந்தப் பிள்ளை மெஷின். அந்தப் பக்கத்துக்கு இந்தப் பிள்ளை மெஷின்."

"எம்மவளா மெஷின்?"

"அவங்க வீட்ல அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க."

"இது மோசடியில்லா? நெசப் பிள்ளைய நெசப் பிள்ளைன்னே சொல்லிக் குடுக்க வேண்டியதுதான?"

"சொன்னா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க மேடம். உண்மைப் பிள்ளைன்னு சொன்னதும், எந்தச் சாதி, எந்த மதம், அப்பா என்ன பண்றாரு, கெட்ட வார்த்தை பேசுமான்னு ஆயிரம் கேள்வி. ஒருத்தர் சளி இருக்கான்னு கேட்டாரு. திரையில எப்படிங்க சளி ஒட்டும்? அதே பிள்ளைய மெஷின்னு சொல்லிக் குடுத்தா ஒரு கேள்வி கிடையாது. நீங்களும் மெஷின்தானே கேட்டீங்க?"

கேட்டவள் பிரிசில்லாதான்.

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள் சுபாஷிணி. "அந்த வீட்லேருந்தும் ஒரு புகார் வந்துச்சு. துணை ரொம்ப அதிகாரம் பண்ணுது, எம்பையன மிரட்டுது, கொஞ்சம் பணிவா மாத்திக் குடுங்கன்னு அவங்கம்மா எழுதியிருந்தாங்க."

"எம்மவ மிரட்டுனாளா? அவ அதிகாரம் பண்ணுதான்னு சொல்ல அந்த அம்மா யாரு?" பிரிசில்லாவுக்குச் சுருக்கென்றது. மகளை யாரோ கடையில் வாங்கிய சாமான் மாதிரி குறை சொன்னால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? அப்போதுதான், தான் எழுதியதும் அப்படித்தானே என்ற நினைப்பு வந்தது. "நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. என்ன செய்ய முடியும்? நான் யோசிக்கறதுக்குள்ள, தானா சரியாயிருச்சு, இப்ப நல்லா இருக்கு, நன்றின்னு அவங்களே எழுதிட்டாங்க."

"அந்த அம்மா நம்பரக் குடுங்க. நான் பேசுதேன்."

"அது மட்டும் முடியாதுங்க. ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கத்துக்குத் தெரிஞ்சாலும் அன்னைக்கே எங்க மேலிடத்துல இணைப்பை வெட்டிருவாங்க. அந்தப் பையன் அழுதாலும் சரி, உங்க பொண்ணு அழுதாலும் சரி, விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நான் வெளிய சொல்லப் போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க." சுபாஷிணி குரலை இறக்கினாள். "புகார் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. மாத்தணும்னு சொன்னீங்கன்னா மாத்திருவேன். அவனுக்கு வேற ஒரு பிள்ளை, உங்க பொண்ணுக்கு வேற ஒரு பிள்ளை. என்ன செய்யட்டும்?"

"வேண்டாம். வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

படகு போன பிறகு பிரிசில்லா ஒரு காற்றாலைக்குப் போக வேண்டியிருந்தது. போனாள், உச்சிக்கு ஏறினாள், எண்ணெய் பார்த்தாள், இறங்கினாள். கை வேலை செய்ததே தவிர மனசு அந்தத் தென்கோடி அறையிலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை அறை வாசலில் நின்று, "அந்தச் சனியன அமத்திட்டு வா" என்று கத்தியிருக்கிறாள்! அதற்கு ஒன்றும் தெரியாது, அது வெறும் மெஷின் என்று அதன் முன்னாலேயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! குரல் மாறிப் போயிருந்தாலும் வார்த்தை மாறாதே. அப்பா வீட்டை விட்டுப் போன பையன் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த முகம் தெரியாத பையனை ஒரு தடவை மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

வேறு ஒன்றும் தோன்றாவிட்டாலும் ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. மகளிடம் இனியும் பொய் சொல்லக் கூடாது.

சாயங்காலம் மேல்தளத்தில் காய்ந்த துணிகளை இருவரும் எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காற்று எப்போதும் துணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். போர்வையை மடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

"ஜோவி, மிதுன் இருக்கான்லா..."

ஜோவினாவின் கை நின்றது. "மாத்தப் போறாங்களா?"

"இல்ல, இல்ல. மாத்தல. அவன் மெஷின் இல்லட்டி. நெசமான பையன். அம்மைக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

ஜோவினா மூச்சு விட்டாள். போர்வையின் முனையை அம்மாவின் கையில் இருந்த முனையோடு சேர்த்தாள்.

"தெரியும்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த முட்டையப் போட்டான்லா, அன்னைக்கு அழுதான். மெஷினா இருந்தா அழுகத நமக்குக் காட்டும்லா? அவன் மறைச்சான். அமத்தி வச்சிட்டு அழுதிட்டு வந்து நெட் போயிருச்சுங்கான். குரலெல்லாம் கட்டியிருந்துச்சு. மெஷினுக்கு எப்படிம்மா நெட் போவும்?"

"அப்ப நீயும் நெசம்தான்னு அவன்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

"மறுநாளே சொன்னேன். சிரிச்சான். நீ அப்படித்தான் சொல்லுவேன்னு எங்கம்மா அப்பவே சொல்லிட்டாங்கன்னான்."

பிரிசில்லா போர்வையைப் பிடித்தபடியே நின்றாள். தான் சொன்ன அதே சொற்களைக் கோயம்புத்தூரில் ஒருத்தி தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளும் தன் பிள்ளை மனசு உடையக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள். இரண்டு தாய்மாரும் சேர்ந்து இரண்டு பிள்ளைகளையும் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்!

"அவன் நம்புற மாதிரி நான் சொல்லுதேன். இந்தக் கம்பெனிக்காரனுவ என்ன வெட்டுதது? கோயம்புத்தூர்ல தேடி அவிய வீட்டையே கண்டுபிடிச்சிருவோம். லீவு போட்டுட்டு ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன். நேருல பார்த்தா நம்பித்தான ஆகணும்?"

"எம்மா, வேண்டாம்!"

அவள் அப்படிக் கத்தி பிரிசில்லா கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"சொல்லிராதம்மா. அவன் முன்னாடி பள்ளிக்கூடத்துக்குப் போனான்லா, அங்க ஒரு கூட்டாளிட்ட ஒரு விஷயம் சொன்னானாம். அந்தப் பய எல்லார்ட்டயும் சொல்லிட்டானாம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகல. போன வாரந்தான் எங்கிட்ட அதச் சொன்னான், ஏன் தெரியுமா? மெஷின் யார்ட்டயும் சொல்லாதுன்னு நம்பித்தான் சொன்னான். அவிய அம்மாட்டகூடச் சொல்லாதத எல்லாம் எங்கிட்ட சொல்லுதான். நான் நெசம்னு தெரிஞ்சா பேசவே மாட்டாம்மா. போயிருவான்."

"அப்படி என்னட்டி விஷயம் அது?"

"அத ஒங்கிட்ட சொன்னா, நானும் அந்தக் கூட்டாளி மாதிரிதான ஆயிருவேன்?"

பிரிசில்லா கொடியிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.

"அதிகாரம் பண்ணுததையும் விட்டுட்டேன்," என்றாள் ஜோவினா. "மெஷின் அதிகாரம் பண்ணாதுல்லா. இப்ப மெதுவாத்தான் பேசுதேன். நம்ம ஊர்ப் பேச்சுகூடக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சிட்டேன். ஒரு மாதிரியா இருக்கும்மா. ஆனா பழகிருச்சு."

"எத்தன நாளைக்குட்டி இப்படி இருப்ப?"

"தெரியல."

மடித்த துணிகளைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஜோவினா முன்னால் இறங்கிப் போனாள். பிரிசில்லா கொடிக்கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். விட்டுப் போகாத துணை ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அவள். இப்போது வேறு ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு துணையாகத் தன் மகள்தான் இருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் போய்விடுவான், மகள் மறுபடி படிக்கட்டில் உட்காருவாள். சொல்லாவிட்டால் மகள் தினமும் ஒரு இயந்திரமாக இருந்து வர வேண்டும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கேட்க ஒரு ஆள் இல்லை. ஒருவர் இருந்தாலும் என்ன சொல்லிவிடப் போகிறார்?

முட்டைப் பாடத்தின் நிறைவு நாள் வந்தது. இல்லக்கூடத்தில் அது ஒரு வழக்கம். ஒரு பொருளை முடிக்கும்போது இரண்டு பிள்ளைகளும் தாங்கள் செய்ததைக் காட்டிக்கொள்வார்கள். பிறகு அடுத்த பொருளை ஒருவர் சொல்வார், ஒரு தடவை இவர், ஒரு தடவை அவர் என்று முறை. ஒருவர் சொன்னால் மற்றவர் மறுக்கக் கூடாது. இந்தத் தடவை மிதுனின் முறை.

வேலைக்குப் போகக் கிளம்பிய பிரிசில்லா, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அறைக்குள் வந்தாள். திரைக்கு முன்னால் ஜோவினா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். பிரிசில்லா சுவரோரம் நின்றுகொண்டாள்.

"வணக்கம் மிதுன். இன்னைக்கு எப்படி இருக்க?"

மகளின் குரல்தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"நல்லா இருக்கேன்," என்றது கோட்டு முகம். "அடுத்த பொருள் நாந்தான் சொல்லோணும். முடிவு பண்ணிட்டேன் ஜோவி. நீதான்."

"நானா?"

"ஆமா. நீ எப்படி வேலை செய்யறேன்னு படிக்கப் போறோம். கணக்கு வரும், அறிவியல் வரும், மெஷின் கண்டுபிடிச்சவங்க சரித்திரம் வரும். எங்கம்மாகிட்டக் கேட்டேன், நல்ல யோசனைன்னு சொன்னாங்க. அஞ்சு வாரம் உன்னப் பத்தித்தான். உனக்குச் சந்தோஷமா?"

ஜோவினா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டாள்.

"எனக்குச் சந்தோஷம் எல்லாம் கிடையாது மிதுன். ஆனா நல்ல பொருள். கேளு."

"உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது. நீ அணைச்சா நானும் அணைஞ்சிருவேன்."

"பசிக்குமா?"

"பசிக்காது."

"நான் பேசாத நேரத்துல என்ன பண்ணுவ?"

ஜோவினா கொஞ்சம் யோசித்தாள். "நீ வர்ற வரைக்கும் காத்துட்டிருப்பேன்."

அது ஒன்றுதான் பொய்யில்லை என்று பிரிசில்லா நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைப்பதற்குக் கையை எடுத்தபோது கால் நகர்ந்து, இரும்புத் தரையில் பூட்ஸ் தட்டியது.

"அங்க என்ன சத்தம்? யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல மிதுன்."

அந்தப் பக்கம் எதையோ எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஜோவி, உனக்கு அம்மா இருக்காங்களா?"

ஜோவினா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. எங்களுக்கெல்லாம் அம்மா கிடையாது."

"ஐயோ பாவம்," என்றான் மிதுன். "அப்படின்னா எங்கம்மாவப் பத்திச் சொல்றேன், கேட்டுக்கறியா?"

"சொல்லு," என்றாள் ஜோவினா.

பிரிசில்லா குனிந்து பூட்ஸின் நாடாக்களை அவிழ்த்தாள். இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்த அறையை விட்டு வெளியே போனாள்.